தாம்பூலப் பை ஏன் தாமதமானது: நம்ம கடையிலிருந்து ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கமுங்க. சித்திரை முகூர்த்தத்துக்குப் பை சொல்லியிருந்த சிலருக்குச் சொன்ன தேதியில் கொடுக்க முடியவில்லை, மன்னிக்கணும். கூலி உயர்வு கேட்டு 2025 மார்ச் 19-ல் ஸ்ட்ரைக்கில் நின்ற விசைத்தறி ஒரு மாதம் கழித்துத்தான் ஓடத் தொடங்கியது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சுமார் ஒன்றேகால் லட்சம் தறி நின்றது. நம்ம பைக்கான காடாத் துணி, அதாவது சாயம் போடாத பருத்தித் துணி, முழுக்க சோமனூர், பல்லடம் பக்கம் நெய்வது. கையிருப்பு முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் ஒருத்தர் வாட்ஸப் குழுக்களில் ஒரு வாய்ஸ் போட்டிருக்கிறார்: "ஈரோட்டில் தறி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, இவங்க ஸ்ட்ரைக்குனு கதை விடறாங்க." இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், கதை விட்டேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஈரோட்டில் தறி ஓடியது உண்மைதான். ஆனால் அங்கே வீரப்பன்சத்திரம் பக்கமெல்லாம் பெரும்பாலும் ரேயான், மெல்லிசான துணி. அதில் தாம்பூலப் பை தைத்தால் தேங்காய் போட்டதும் தொங்கிவிடும். சோமனூர், பல்லடத்தில் தறிக்காரருக்குத் தறி சொந்தம், நூல் சொந்தமில்லை. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் (நீளவாட்டு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) கொடுப்பார், இவர் கூலிக்கு நெய்து கொடுப்பார். கூலிதான் அவருக்கு எல்லாமே. கரண்ட் பில் ஏறினாலும் தறிக்கு உதிரி வாங்கினாலும் அதிலிருந்துதான். 2021 நவம்பரில் சோமனூர் ரகத் துணிக்கு 23, மற்ற ரகத்துக்கு 20 சதவீதம் கூலி உயர்வு என்று பேசி முடித்தார்கள், அது கைக்கு வரவில்லை என்றுதான் 2022 ஜனவரியில் இதே ஊர்களில் தறி நின்றது. இந்தத் தடவையும் அதே கூலிப் பிரச்சினைதான். ஈரோட்டிலும் தறி நிற்பதுண்டு, ஆனால் அங்கே நூல் விலை ஏறி, நெய்தால் நஷ்டம் என்று அவர்களே நிறுத்துவது. இரண்டும் ஒன்றில்லை. 2022 மே மாதம் திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்களே நூல் விலைக்காக இரண்டு நாள் அடைத்தார்களே, அது இன்னொரு மாதிரி. பக்கத்துப் பக்கத்து ஊர்தான், நிற்கும் காரணம் வேறு. அந்தத் தம்பி ஒரு போன் போட்டிருந்தால் இதையெல்லாம் நானே சொல்லியிருப்பேன்.

2025 ஏப்ரலில் சோமனூர் ரகத்துக்கு 15, மற்றதுக்கு 10 சதவீதம் கூலி உயர்வு என்று முடிவானது. தறிக்காரர்களுக்கு அது நியாயம்தான், எனக்கு மறுபேச்சில்லை.

இந்த ஒரு மாதம் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், "துணி வந்தப்புறம் தைங்க அண்ணா" என்று காத்திருந்தீர்களே, அதை மறக்கமாட்டேன். பேப்பர் பை போதும் என்று வேறு இடத்தில் வாங்கிக்கொண்டு, அடுத்த விசேஷத்துக்கு உங்களிடம்தான் என்று சொல்லிவிட்டுப் போன அக்காவுக்கும் நன்றி. இந்தக் கூலி உயர்வால் பை ஒன்றுக்கு இரண்டு ரூபாய் கூடும், முன்பணம் கட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான், மற்றபடி தையல், பிரிண்டிங் எல்லாம் பழைய மாதிரியே.

வைகாசி ஆர்டரில் பெயர், தேதி மாற்றம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். அச்சடிக்கும் ஸ்கிரீன் போட்டுவிட்டால் மாற்ற முடியாது.