இன்றேல், ஏன்?

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு அமைச்சிலிருந்து களைத்த குரலில் பேசினாய். "பாராளுமன்ற வினாவுக்கு விடை அனுப்ப வேண்டும் அப்பா, தரவு இன்னும் வரவில்லை" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதிலிருந்து எனக்கு இதே யோசனைதான். நேரில் சொன்னால் "சரி அப்பா, சரி அப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

போன கிழமை சபை நடவடிக்கையை நேரலையில் பார்த்தேன். ஓர் உறுப்பினர் எழும்பி, பாடசாலைகளில் ஆசிரியர் இல்லாதது, கொப்பியும் சப்பாத்தும் வாங்க முடியாத விலை, வறிய குடும்பங்களுக்கான அரசாங்கக் கொடுப்பனவான அஸ்வெசுமவில் விடுபட்ட குடும்பங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். எந்தக் கட்சி என்று நான் பார்க்கவில்லை. மூன்றும் ஒரே வீட்டுக்குள் நடக்கிற சங்கதி என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. அது போதும் எனக்கு.

ஓய்வுக்குப் பிறகு நான் நூலகத்தில் ஹன்சாட் தொகுதிகளை, அதாவது சபைப் பேச்சுகளின் பதிவுகளை, புரட்டுவது உனக்குத் தெரியும். வாய்மூல விடைக்கான வினாக்கள் என்ற பகுதியைத்தான் முதலில் பார்ப்பேன். (அ), (ஆ), (இ) என்று பிரித்துக் கேட்டுக்கொண்டு வந்து, கடைசியில் "இன்றேல், ஏன்?" என்று முடிப்பார்கள். விடைப் பக்கத்தில் அந்தக் கடைசி வரிக்கு நேரே பல தடவை ஒரே சொல் இருக்கும்: "எழவில்லை." அந்தக் கேள்விக்கே இடமில்லை என்று அர்த்தம். முதல் பகுதிக்கு "ஆம்" என்று எழுதிவிட்டால் கடைசிப் பகுதிக்கு அப்படி எழுதலாம், முறைதான். ஆனால் பிள்ளை, அந்த முதல் "ஆம்" எவ்வளவு பாரமானது என்று யோசித்துப் பார்.

திருகோணமலை மாவட்டத்தில் வெருகல் பக்கம் நான் படிப்பித்த ஒரு பாடசாலையைப் பற்றிச் சொல்கிறேன். பதிவேட்டில் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். சம்பளமும் அந்தப் பாடசாலையின் பெயரில்தான் போனது. ஆளோ தற்காலிக இணைப்பில் நகரத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவரையும் நான் குறை சொல்லமாட்டேன், அவருக்கும் கைக்குழந்தை இருந்தது, தூரமும் அதிகம். ஆனால் இரண்டு வருடம் அந்தப் பிள்ளைகள் கணிதம் படிக்கவில்லை. அறிவியல் படிப்பிக்க வந்த நான் பின்னேரம் நின்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தேன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறினால் அந்தப் பிள்ளைக்கு என்ன வழி இருக்கிறது? அப்படியொரு பாடசாலைக்குக் கொழும்பிலிருந்து ஒரு படிவம் வருகிறது என்று வை: "கணித ஆசிரியர் நியமிக்கப்பட்டுள்ளாரா?" அதிபர் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். அதிபர் எழுதியது வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய், மாகாணத்துக்குப் போய், உன் மேசைக்கு வரும்போதும் "ஆம்" தான். யாரும் பொய் எழுதவில்லை. ஆனாலும் சபையில் அமைச்சர் வாசிக்கும்போது அந்த இரண்டு வருடமும் இல்லாமல் போய்விடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. தேசிய பாடசாலைகளைத் தவிர மற்றவை மாகாணத்தின் பொறுப்பு. அதனால் உறுப்பினர் பாராளுமன்றத்தில் கேட்டால், "மாகாண விடயம்" என்று விடை சொல்ல இடமிருக்கிறது. சரி, மாகாணத்தில் போய்க் கேட்கலாம் என்றால் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு புதிய சபை வரவில்லை. மாகாணக் கல்வித் திணைக்களம் இங்கே திருகோணமலையில்தான் இருக்கிறது, அலுவலர்களும் வேலை செய்கிறார்கள். எழுந்து நின்று கேட்கிற ஆளைத்தான் காணவில்லை. அதனால்தான் கொழும்பில் கேட்கப்படும் ஒரு கேள்வியை நான் இவ்வளவு பெரிதாக நினைக்கிறேன். நீ "மாகாண விடயம்" என்று எழுதும் இடத்தில் எங்கள் கேள்விக்கு வேறு போக்கிடம் இல்லை.

திருக்கடலூரில் உன்னோடு படித்த பிள்ளையின் வீடு நினைவிருக்கிறதா? 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனபோது அவளுடைய தகப்பனின் படகு பல நாள் கரையிலேயே கிடந்தது. அந்த நாட்களில் தம்பிமார் பாடசாலைக்கும் போகவில்லை. சாப்பிடாமல் அனுப்ப அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. கடலுக்குப் போகிறவருக்கு ஊழியர் சேமலாப நிதியும் இல்லை, சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, மேலே 12 வீதம் போட ஒரு முதலாளி இல்லை. கடல் தராத நாளில் கையில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். 2023இல் பழைய சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும வந்தபோது அவர்களுடைய பெயர் பட்டியலில் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மேன்முறையீடு எழுத அந்த அம்மா என்னிடம்தான் வந்தா. எழுதிக் கொடுத்தேன். "மாஸ்டர், படகு எங்களுடையது என்று எழுதினால் வெட்டிவிடுவார்களோ?" என்று பயந்து பயந்து கேட்டா. உண்மையை எழுதுவோம் என்றேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

என் தகப்பனும் கடலுக்குப் போனவர்தான். நான் படித்தது 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா அரசாங்க சபையில் வாதாடிக் கொண்டுவந்த இலவசக் கல்வியால். நீ இப்போது அமைச்சில் உட்கார்ந்திருப்பதும் அதே கதவு வழியாகத்தான். அப்போதும் சபையில் ஒருவர் கேட்டார், பலர் எதிர்த்தார்கள், அவர் விடவில்லை.

எனக்கு நடக்கத் தெம்பு இருக்கிறது. அடுத்த கிழமை பஸ்ஸில் வெருகல், ஈச்சிலம்பற்று பக்கம் போகப் போகிறேன். பழைய அதிபர்கள் சிலரைப் பார்த்து, பதிவேட்டில் இருக்கும் ஆசிரியரில் எத்தனை பேர் வகுப்பில் நிற்கிறார்கள் என்று கேட்டு எழுதி, அந்த உறுப்பினருக்கு அனுப்புவேன். அவர் அதை வினாவாகக் கேட்டால் ஒருவேளை அது உன் கைக்கே வரும். அப்பா அனுப்பியது என்று எந்தச் சலுகையும் காட்டாதே. படிவத்தில் "ஆம்" என்று இருந்தால், ஒரு தடவை அந்த அதிபருக்குத் தொலைபேசி எடு. "சேர், ஆசிரியர் இன்று வகுப்பில் நிற்கிறாரா?" என்று கேள். அவர் சொல்வதை எழுது.

அம்மா பாரைக் கருவாடும் ஒடியல் மாவும் பொதி கட்டி வைத்திருக்கிறா. வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் வருபவரிடம் கொடுத்துவிடுகிறோம். கொழும்புக் கோட்டை நிலையத்தில் போய் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா