கொட்டை எழுத்தில் தவறு, பொடி எழுத்தில் திருத்தமா?

தமிழ் நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் மெஸ் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 'மெஸ் சாப்பாடு: 11 பேருக்கு வாந்தி, மயக்கம்' என்று உங்களில் ஒருவர் முதல் பக்கத்தில் போட்டார். மறுநாள் மற்றவர்களும் எடுத்துப் போட்டீர்கள். அந்த 11 பேரும் உண்மையில் சாப்பிட்டது ஒரு கல்யாண வீட்டில். மெஸ்ஸில் எடுத்துப்போன மாதிரியில் ஒரு குறையும் இல்லை என்று சோதனை முடிவும் வந்துவிட்டது.

அந்த மெஸ்ஸை நடத்துகிறவர் என் அக்கா.

தவறே செய்யாதீர்கள் என்று கேட்க நான் வரவில்லை. ராத்திரி அச்சுக்குப் போகிற நேரத்து அவசரம் எனக்குப் புரிகிறது. பழைய பத்திரிகைத் தலைப்புகளைத் தேடிப் படிப்பதில் எனக்கு நெடுநாளாக ஓர் ஆசை உண்டு. பெரிய பெரிய பத்திரிகைகளே சறுக்கி விழுந்திருக்கின்றன.

அமெரிக்காவில் 1948 அதிபர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் சிகாகோ டெய்லி டிரிப்யூன் வழக்கத்தைவிடச் சில மணி நேரம் முன்பே அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. ஓட்டு எண்ணி முடியவில்லை. கருத்துக் கணிப்புகளோ அப்போதைய அதிபர் ட்ரூமனை எதிர்த்து நின்ற டூயி பக்கம். 'ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி' என்று தலைப்பு வைத்து ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பிரதிகளை அடித்துவிட்டார்கள். கடைசியில், வெற்றியை முடிவு செய்கிற தேர்வாளர் வாக்குகளில் ட்ரூமனுக்கு 303, டூயிக்கு 189. செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் ட்ரூமன் அதே பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கும் படத்தை எப்போது பார்த்தாலும் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். ஆனால் அவர் ஜெயித்த மனிதர், நாட்டின் அதிபர். தலைப்பு தப்பு என்று அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பேப்பரைத் தூக்கிக் காட்டினால் போதும், படம் பிடிக்க எதிரே கேமராக்கள் நின்றன. அக்காவுக்கு எதிரே யார் நின்றார்கள்?

1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ், ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் காடார்டைத் தலையங்கத்தில் கேலி செய்தது. காற்றில்லாத வெளியில் ராக்கெட் எப்படிப் போகும், பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிற அறிவுகூட இவருக்கு இல்லையே என்கிற தோரணையில் எழுதினார்கள். அப்புறம் அவர் பத்திரிகைக்காரர்களைக் கண்டாலே ஒதுங்கத் தொடங்கினார். 1926இல் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவியும் காட்டினார். பத்திரிகை தன் தவறை ஒப்புக்கொண்டது 1969 ஜூலை 17 அன்று, அப்போலோ 11 நிலவுக்குக் கிளம்பிய மறுநாள். நாற்பத்தொன்பது வருடங்கள்! காடார்ட் 1945இலேயே இறந்துவிட்டார். இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு கழித்த வருடங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. டைட்டானிக் மூழ்கியபோதும் லண்டன் டெய்லி மெயில் 'உயிர்ச்சேதம் இல்லை' என்றுதான் போட்டது. 1,500 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள்.

அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். மாதக் கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் மறுநாளிலிருந்து வரவில்லை. பன்னிரண்டு வருடமாகப் பால் ஊற்றுகிறவர், "இனிமே அன்னன்னைக்குக் காசு குடுத்துடுங்கக்கா" என்றார். நாற்பது பேருக்கு வடித்த சோற்றில் பாதி மாட்டுத் தொட்டிக்குப் போனது. பத்து நாள் கழித்து உங்கள் திருத்தம் வந்தது, ஒன்பதாம் பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்குக் கீழே, மூன்று வரி. அந்த மூன்று வரியைப் படித்தேன் என்று ஒருவர்கூட இதுவரை எங்களிடம் சொன்னதில்லை. முதல் நாள் செய்தியோ தீரவே இல்லை. போன வாரம் அக்கா பேருந்து நிலையத்தில் பஜ்ஜி வாங்கினார். கடைக்காரர் மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்தால் எண்ணெய்க் கறைக்கு நடுவே அதே தலைப்பு. அக்கா பஜ்ஜியைச் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. தவறு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில், எந்த அளவு எழுத்தில் வந்ததோ அதே அளவில் திருத்தத்தையும் போடுங்கள். இது நானாகக் கண்டுபிடித்த நியாயம் இல்லை. தவறு தெரிந்தால் தாமதிக்காமல், உரிய முக்கியத்துவத்தோடு திருத்தம் வெளியிட வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகளே சொல்கின்றன. டெண்டர் அறிவிப்புக்குக் கீழே மூன்று வரி எந்த ஊரில் உரிய முக்கியத்துவம்?

கடை வாசலில் தொங்குகிற உங்கள் போஸ்டரையும் சொல்லியாக வேண்டும். 'மெஸ் சாப்பாட்டில் விஷமா?' என்று ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டால் பொறுப்பு முடிந்துவிடுகிறதா? கேள்வி கேட்டவர்கள் பதில் கிடைத்ததும் இன்னொரு போஸ்டர் அடித்திருக்க வேண்டாமா? நகைக்கடை விளம்பரத்துக்கு முதல் பக்கத்தையே முழுசாகக் கொடுக்கிறீர்கள். ஒரு குடும்பத்தின் பிழைப்புக்கு அதில் நாலு விரல்கடை இடம் இல்லையா? கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே உங்கள் தலைப்புகளைப் பார்த்துத்தான். இன்றைக்கும் காலையில் பேப்பர் வரத் தாமதமானால் வாசலுக்கும் வீட்டுக்கும் நடக்கிறவன் நான்.

ஒன்பதாம் பக்கத்தின் அந்த மூன்று வரியைக் கத்தரித்து லேமினேட் செய்து கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார் அக்கா. கிட்டே போய் நின்றால்தான் படிக்க முடிகிறது. அதே பக்கத்தில், அதே எழுத்தில் ஒரு முறை போட்டுத் தாருங்கள். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி வாசலில் மாட்டிக்கொள்கிறோம். தயவுசெய்து கவனியுங்கள்.

பணிவுடன்,
முப்பது வருட வாசகன்