வடிகால் கணக்கு யாருடைய சொந்த விவரம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டி ஒரு மழைக்காலம் முழுசாகப் போகவில்லை, அதற்குள் இரண்டு இடத்தில் மூடி உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. உடைந்த இடத்தில் கையை வைத்தால் சிமென்ட் மணலாக உதிர்கிறது. சரி, கேட்டுப் பார்ப்போம் என்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். அந்த வேலைக்கான எம் புக், அதாவது அளவுப் புத்தகத்தின் நகலும், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில்லின் நகலும் வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை.

29ஆம் நாள் பதில் வந்தது. நான் கேட்டது மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரமாம், பிரிவு 8(1)(ஜே)படி தர இயலாதாம். அவ்வளவுதான், ஒரே வரி.

எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம், எத்தனை கன மீட்டர் கான்கிரீட் என்று பொறியாளர் அளந்து எழுதி வைக்கிற நோட்டு அது. அதில் ஒப்பந்ததாரரின் கையெழுத்து இருக்கலாம், பில்லில் அவருடைய வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கலாம். அதை மறைத்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாம் என்று பிரிவு 10 சொல்கிறதே. வடிகாலின் ஆழம் யாருடைய அந்தரங்கம்?

இந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு விவரம் கேட்க அந்த அலுவலகத்துக்கே போனேன். வாசலில் அறிவிப்புப் பலகை. வீடு கட்ட மானியம் கேட்டு விண்ணப்பித்தவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. பெயர், செல் நம்பர், ஆதார் எண் பன்னிரண்டு இலக்கமும், கடைசிக் கட்டத்தில் 'கணவரால் கைவிடப்பட்டவர்' போன்ற குறிப்புகள். போகிறவர் வருகிறவர் எல்லாம் படிக்கலாம், செல்போனில் படம் பிடித்துக்கொண்டும் போகலாம். எங்கள் தெரு அக்கா ஒருவர் பெயரும் அதில் இருந்தது. "உங்க மானியம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்று அவருக்கு அடுத்தடுத்து மூன்று போன் வந்திருக்கிறது. இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் ஆதார் எண்ணை இப்படிப் பொதுவில் ஒட்டக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் பிரிவு 29 சொல்வது எனக்குத் தெரியும்.

பொதுப்பணத்தில் நடந்த வேலைக்கு ரகசியம், ஏழைப் பெண்ணின் ஆதார் எண்ணுக்குச் சுவரொட்டி. எனக்கு இதுதான் தாங்க முடியவில்லை.

முன்பு 8(1)(ஜே) இப்படி இல்லை. பொது வேலைக்குச் சம்பந்தமில்லாத சொந்த விவரத்தை, வெளியிட்டால் ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுவதாக இருக்கும் விவரத்தை மட்டும்தான் மறுக்கலாம், அப்போதும் பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததைச் சாதாரண மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் கூடவே இருந்தது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 44(3) இதையெல்லாம் எடுத்துவிட்டு, தனிப்பட்ட விவரம் சம்பந்தமான தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது.

இந்தச் சுருக்கல் 2025 நவம்பரில், விதிகள் அறிவிக்கப்பட்ட கையோடு நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அதே சட்டத்தில், நம் விவரத்தைக் கசியவிட்டால் முதலில் வைத்திருந்தவரிடமும் அப்புறம் தரவுப் பாதுகாப்பு வாரியத்திலும் முறையிடலாம் என்கிற பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம், கணக்குப் பார்த்தால் 2027 மே. நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது உடனே, நமக்குக் கொடுக்க வேண்டியது ஒன்றரை வருடம் கழித்து. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது இந்த அக்காவைப் போன்றவர்களுக்காகவும்தானே.

இன்னும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(2)ஐ யாரும் தொடவில்லை. தகவலைக் கொடுப்பதால் வரும் கெடுதலைவிடப் பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்பது அது. மறுப்பது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பும், பிரிவு 19(5)இன்படி மறுத்த பொதுத் தகவல் அலுவலருடையதுதான். மாநிலத் தகவல் ஆணையம், 8(2)ஐப் பரிசீலித்ததற்கான காரணத்தை எழுதாத ஒற்றை வரி மறுப்பு எதையும் ஏற்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். மனு போடும் வாசகர்களும் 8(2)ஐயும் 10ஐயும் மேல்முறையீட்டில் பெயர் சொல்லியே எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நானே முதலில் தப்பாகப் போட இருந்தேன். ஆணையத்துக்குப் பிரிவு 18இல் புகாரும் போடலாம், 19(3)இல் இரண்டாம் மேல்முறையீடும் போடலாம். புகார் போட்டால் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்கலாமே தவிர, அதன்மேல் தகவலைக் கொடு என்று ஆணையம் உத்தரவிட முடியாது. மணிப்பூர் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனவே தகவல்தான் வேண்டுமென்றால் முதல் மேல்முறையீட்டை 30 நாளுக்குள்ளும், பதில் சரியில்லை என்றால் இரண்டாவதை 90 நாளுக்குள்ளும் அனுப்பிவிட வேண்டும். நாள் தவறினால் காரணம் சொல்லி மன்றாட வேண்டி வரும்.

என் முதல் மேல்முறையீட்டுக்கும் அதே ஒற்றை வரிதான் பதில். இரண்டாவதை அனுப்பி மூன்று மாதம் ஆகிறது, விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. ஆதார் பட்டியலைப் பற்றி அலுவலகத் தலைவருக்குத் தனியாக எழுதிக் கொடுத்தேன். மறுநாளே கிழித்துவிட்டார்கள். பசை ஒட்டிய மூலையில் இரண்டு பேருடைய எண் மட்டும் இன்னும் தெரிகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் மாவட்டம்