கலைப் பத்திரிகைக்கு எழுதுறவங்க கவனத்துக்கு: ஞாயிறுக்குள்ள பிட்ச்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த இதழுக்கு ஃப்ரீலான்ஸ் கட்டுரை கேட்டிருக்காங்க, வர்ற ஞாயிறு ராத்திரி 9 மணிக்குள்ள எனக்கு பிட்ச் (என்ன எழுதப் போறீங்கன்னு சொல்ற சின்னக் குறிப்பு) வந்துடணும், திங்கள் காலைல மொத்தமா எடிட்டருக்கு அனுப்பிடுவேன்.

1. முழுக் கட்டுரை வேண்டாம், 150-200 வார்த்தைல ஐடியா மட்டும்.

2. நாடகம் பத்தி எழுதறேன்னு சொன்னா அது வெறும் தலைப்பு. லைட்டிங் பண்றவர் ரிகர்சல்ல ஸ்கிரிப்ட் ஓரத்துல பென்சில்ல என்ன குறிச்சுக்கறாரு, நடிகர் ஒரு அடி தள்ளி நின்னா என்ன பண்ணுவாரு, இப்படி ஒரு ஆளும் ஒரு கேள்வியும் இருந்தா தான் அது கதை, எடிட்டரும் நிமிர்ந்து பாப்பாங்க.

3. ஏன் இப்போன்னு ஒரு வரி. ஷோ, கண்காட்சி தேதி இருந்தா கட்டாயம் போடுங்க.

4. யார்கிட்ட பேசப் போறீங்க, அவங்க சம்மதிச்சாச்சா?

5. சொந்தக்காரங்க, நண்பர்கள் வேலையை பத்தி எழுதறதா இருந்தா முதல்லயே சொல்லிடுங்க ப்ளீஸ்.

6. ஓகே ஆனதும், எழுத உட்கார்றதுக்கு முன்னாடியே சன்மானம் எவ்வளவு, எப்போ வரும், காப்புரிமை யாருக்கு, கட்டுரை வராம போனா ஏதாவது தருவாங்களா, எல்லாத்தையும் மெயில்ல கேட்டு வாங்கிக்கோங்க. கூச்சமே வேண்டாம், அது உங்க உழைப்பு.

எழுதறவங்க இன்னைக்கே பேரும் ஒரு வரி ஐடியாவும் இங்க போடுங்க, ரெண்டு பேர் ஒரே விஷயத்தை எடுத்துடக் கூடாது. முதல் தடவை எழுதறவங்களுக்காக சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு குரூப் கால் வைக்கறேன், பிட்ச்சை சேர்ந்து படிச்சு திருத்தலாம், வர்றவங்க "வரேன்"னு ரிப்ளை பண்ணுங்க.