அபராதம் கட்டக் காசிருந்தால் அவன் ஏன் பந்தி பரிமாறப் போகிறான்?

உயர்கல்வித் துறைக்கும் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கும் வணக்கம்.

சென்னையில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் மதிய ஷிப்டுக்குப் பாடம் எடுக்கும் கௌரவ விரிவுரையாளர் நான். (எங்கள் சம்பளக் கதை தனி, அதை இன்னொரு மடலுக்கு வைத்துக்கொள்கிறேன்.) ஆவணியும் தையும் வந்தால் என் வகுப்பில் கடைசி பெஞ்சுகள் காலி. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியமே பையன்கள் மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். மாலை வரவேற்பில் இலை போட்டுப் பரிமாறி, மறுநாள் காலை டிபன் முடிந்துதான் வீடு. கேட்டரிங்கில் காசு உடனே கைக்கு வரும், அதனால் போகிறார்கள். மாணவிகள் சிலர் தி.நகர் துணிக்கடைகளில் நிற்கிறார்கள்.

வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கட்டணம் கட்டித் தேர்வெழுதலாம், ரொம்பக் குறைந்தால் அந்தப் பருவத் தேர்வே கிடையாது. காசில்லாமல் வேலைக்குப் போனவனிடம், போனதற்காகவே காசு கேட்கிறோம். அதைக் கட்ட அவன் இன்னும் இரண்டு முகூர்த்தத்துக்கு மட்டம் போடுகிறான்.

2022-இல் புதுமைப் பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று திட்டங்கள் தொடங்கி மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் மாதம் 1000 ரூபாய் தருகிறீர்கள். அதனால் படிப்பை விடாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தேர்வுக் கட்டணத்தைத் தாள் கணக்கில், அரியரோடு சேர்த்து, ஒரே தேதிக்குள் கட்ட வேண்டும். மற்ற உதவித்தொகைகள் பெரும்பாலும் அந்தத் தேதி தாண்டித்தான் வங்கிக்கு வருகின்றன. இடைப்பட்ட வாரங்களைத் தண்டல்காரரும் கடன் செயலியும் பார்த்துக்கொள்கிறார்கள். அப்புறம் வகுப்பில் போன் அடித்தாலே பையன் முகம் வெளிறிப்போகிறது.

இதற்கு மருந்தாக மனநலக் கருத்தரங்கு நடக்கிறது. 14416 என்ற உதவி எண்ணைப் பலகையில் எழுதுகிறார்கள். சரி, அது தேவைதான். ஆனால் காலையில் சாப்பிடாமல் வந்தவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களிடம் பணம் வந்தபின் தேர்வுக் கட்டணம் வாங்குங்கள். அவர்களுக்கு வருகைக் குறைவுக் கட்டணத்தை எடுத்துவிடுங்கள். ஒழுங்கு கெட்டுவிடும் என்று என் சக ஆசிரியர்களே சொல்வார்கள். கட்டணம் இருக்கும்போதும் அந்த பெஞ்சுகள் காலியாகத்தானே இருக்கின்றன? அடுத்த தேர்வு அறிவிப்போடு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
மதிய ஷிப்ட் ஆசிரியர் ஒருவர்