ஒரே வேலையில் அடங்காத டாக்டருக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மேற்படிப்பு முடிகிற நேரத்தில் முழுநேர ஆஸ்பத்திரி வேலை ஒன்றில் போய் உட்கார்ந்துவிடாமல், வாரத்தில் சில நாள் வார்டு, சில நாள் வகுப்பு, மீதி நேரம் மருந்துப் பாதுகாப்பு ஆய்வு என்று வைத்துக்கொள்ள நினைக்கிறாய். ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்’ என்று உன் பேராசிரியர் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை என்கிறாய். அவர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் நம் தொழிலுக்கு அந்தப் பழமொழி பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

பிறந்த குழந்தைக்கு முதல் நிமிடத்தில் மதிப்பெண் போடுகிறாயே, அந்த முறையைக் கொண்டுவந்த அமெரிக்க டாக்டர் வர்ஜீனியா அப்காரை எடுத்துக்கொள். அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார். பெண் சர்ஜனுக்குப் பிழைப்பு கஷ்டம், மயக்க மருந்துப் பக்கம் போ என்று அவருடைய துறைத் தலைவரே திருப்பிவிட்டார். ஆக, முதல் மாற்றம் அவர் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. போன இடத்தில் பிரசவ அறையில் தாய்க்கு மயக்கம் கொடுத்துக்கொண்டே குழந்தையைக் கவனித்தார். இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், அனிச்சைச் செயல், நிறம் என்று ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். 1952-ல் அதை முன்வைத்தார். அந்த எண்கள் குவியக் குவிய அவற்றை ஒழுங்காக அலசத் தெரியவேண்டும் என்ற தேவை வந்தது. பேராசிரியர் பதவியில் இருந்தவர், ஐம்பதை ஒட்டிய வயதில் மறுபடி மாணவியாகி 1959-ல் பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் வாங்கினார். அப்புறம் பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் வேலைக்கே போய்விட்டார்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நிலையில்லாமல் அலைந்த மாதிரித் தெரியும். கிட்டே போய்ப் பார், ஒரு வேலையில் எழுந்த கேள்விதான் அவரை அடுத்த வேலைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆங்கிலேய டாக்டர் ஜான் ஸ்னோவும் அப்படித்தான். 1853-ல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்குக் குளோரோபாம் என்ற மயக்க மருந்தை முகரக் கொடுத்தவர், அடுத்த வருஷமே லண்டன் பிராட் தெருவில் காலராவையும் தண்ணீர் அடிகுழாயையும் முடிச்சுப் போட்டார். வாயு எப்படிப் பரவும், எவ்வளவு நீர்த்துப்போகும் என்று தினமும் பார்த்துப் பழகியவருக்கு, கெட்ட காற்றால் காலரா வருகிறது என்ற பேச்சை ஏற்க முடியவில்லை. ஒரு துறையில் கிடைத்த கண், இன்னொரு துறையில் வேலை செய்தது.

அதனால் நீ யோசிக்கவேண்டியது ‘எத்தனை வேலை’ என்பதை அல்ல. ஒன்று இன்னொன்றுக்கு ஏதாவது கொடுக்கிறதா என்று பார். உன் மூன்றும் கொடுக்கும். வார்டில் பார்த்த பக்கவிளைவை ஆய்வில் தேடுவாய், தேடிக் கண்டதை வகுப்பில் சொல்வாய். ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று வேலைகளைச் சம்பளத்துக்காக மட்டும் சேர்த்துக் கட்டியிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

இனி, யாரும் உன்னிடம் சொல்லாத ஒன்று. பகுதிநேர டாக்டரின் பெரிய ஆபத்து, அவர் இல்லாத நாளில் வரும் ரிசல்ட். எனலாபிரில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இதயச் செயலிழப்பு நோயாளிக்குச் செவ்வாய்க்கிழமை ஸ்பைரோனோலாக்டோன் சேர்க்கிறாய். இரண்டு மருந்தும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், அதனால் ஒரு வாரத்தில் அதைப் பார்க்கவேண்டும் என்று சீட்டும் எழுதிக் கொடுக்கிறாய். அவர் திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கிறார். 6.2 என்று, இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய அளவு, உன் பெயருக்கு வருகிறது. அந்த நேரம் நீ வகுப்பில் இருக்கிறாய், போன் பைக்குள் கிடக்கிறது. அதை யார் பார்ப்பார்கள்? யார் அவரைக் கூப்பிட்டு மாத்திரையை நிறுத்தி, ஈசிஜி எடுக்க வரச் சொல்வார்கள்? ‘யாராவது பார்ப்பாங்க’ என்ற பதிலோடு எந்த வேலையிலும் கையெழுத்துப் போடாதே. ஒரு ஆளின் பெயர் வேண்டும், அவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். நீயும் அவருக்கு அதே காவலைத் திருப்பிச் செய்யவேண்டும்.

கைத்திறன் சமாசாரமும் இருக்கிறது. கேட்டுப் பார்த்து, யோசித்து முடிவெடுக்கும் திறமை சில மாத இடைவெளியைத் தாங்கும். மூச்சுக்குழாய் போடுவது, எண்டோஸ்கோப்பி மாதிரியானவை தாங்காது, கை மறந்துவிடும். எதை விடாமல் செய்யப்போகிறாய், எதை இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்லப்போகிறாய் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடு. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் செய்துகொண்டு ‘எனக்கும் தெரியும்’ என்று வைத்துக்கொள்வதுதான் நோயாளிக்கு ஆபத்து. பதிவைப் புதுப்பிப்பது, தொடர்கல்வி மணிநேரம், தொழில்முறைக் காப்பீடு உன் எல்லா வேலைகளுக்கும் செல்லுமா என்பது எல்லாம் சலிப்பான விஷயங்கள்தான். ஒரு நாள் உட்கார்ந்து முடித்துவிடு.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. பாதி வேலை என்று சேர்த்துக்கொண்டு முழு வேலை வாங்குவார்கள். கூட்டம் எல்லாம் நீ இல்லாத நாளில்தான் வைப்பார்கள், ‘வந்துட்டுப் போயிடுங்களேன்’ என்பார்கள். முதல் மாதத்திலேயே மறுத்துப் பழகு. குழந்தை, வயதான பெற்றோர் என்று வீட்டுக்காக நேரம் ஒதுக்கினால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் சூட்டத் தேவையில்லை, அதுவே போதுமான காரணம்.

வயசாகிவிடும் என்ற பயத்தையும் எழுதியிருந்தாய். இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், முதுகு ஒத்துழைக்காததால் ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர். சாகும் தறுவாயில் இருப்பவர்களின் வலியைப் பற்றி யோசித்தவர், அதற்காகவே மருத்துவம் படித்து 1957-ல் டாக்டர் ஆனபோது நாற்பதை நெருங்கியிருந்தார். வலி வந்து நோயாளி கெஞ்சும்வரை காத்திராமல் மார்பினை நேரம் தவறாமல் கொடுக்கவேண்டும் என்று நிலைநாட்டினார். 1967-ல் அப்படிப்பட்ட நோயாளிகளுக்காகவே லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் திறந்தார். நர்ஸாக நோயாளியின் பக்கத்திலேயே இருந்த அந்த வருஷங்கள் அவருக்கு வீண்போகவில்லை.

உன் பேராசிரியரிடம் சண்டை போடாதே. உன் வாரத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய், நீ இல்லாத நாட்களில் உன் நோயாளிகளை யார் பார்ப்பார்கள் என்பதோடு காட்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எனக்கும் ஒரு நகல் அனுப்பு, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் அக்கா