அதிமதுரப் பொடி வாங்குனவங்களுக்கும் மத்த எல்லாருக்கும்

வணக்கம் அண்ணே, அக்கா. சுங்கை சிப்புட்ல நம்ம நாட்டு மருந்துக் கடைக்கு வர்ற எல்லாரும் இத ஒரு தடவ படிச்சிருங்க.

தோட்டத்துப் பாட்டி ஒருத்தங்க இருமலுக்குன்னு நம்மகிட்ட அதிமதுரப் பொடி வாங்கி தினமும் ரெண்டு வேள தேன்ல குழைச்சு ரெண்டு மாசமா சாப்புட்டிருக்காங்க, கால் வீங்கி செருப்புக்குள்ள பாதம் நுழையல, மாத்திரை போட்டும் பிரஷர் எறங்கவே இல்ல. கிளினிக்ல வேற மருந்து சாப்புடுறீங்களான்னு கேட்டதுக்கு இல்லன்னுட்டாங்க, நாட்டு மருந்த யாரு மருந்துக் கணக்குல சேக்குறா. அவங்கள சொல்லிக் குத்தமில்ல, பொட்டலம் மடிக்கிறப்ப பிரஷர் இருக்கா பாட்டின்னு ஒரு வார்த்த நாங்க கேக்கல.

அதிமதுரம் நல்ல சரக்குதான், ஆனா அதுல இருக்குற கிளிசிரைசின் நாள்கணக்கா உள்ள போனா ஒடம்புல உப்பும் தண்ணியும் தங்கிரும், பொட்டாசியம் கொறையும், பிரஷர் ஏறும். நீர் பிரியுற மாத்திரையும் சேந்துச்சுன்னா பொட்டாசியம் இன்னும் எறங்கி நெஞ்சுத் துடிப்பே தடுமாறலாம்.

நம்ம தொழில்ல ஒரு பழக்கம், சேரலன்னு வந்தா நிறுத்திட்டு வேற குடுப்போம், அதோட விட்டுருவோம், எங்கயும் எழுதி அனுப்ப மாட்டோம், நானும் அப்படித்தான் இருந்தேன். இங்க ஒருத்தருக்கு நடந்ததே கிள்ளான்ல நாலு பேருக்கு நடந்திருந்தா யாருக்குத் தெரியும்? பெட்டாலிங் ஜெயாவுல இருக்குற என்பிஆர்ஏ (NPRA), அதாவது மலேசிய அரசாங்கத்தோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மாதிரி தகவல வாங்குறாங்க, டாக்டர்தான் எழுதணும்னு இல்ல, சாப்புட்டவங்களே கன்செர்ஃப்ங்கிற (ConSERF) பக்கவிளைவு தெரிவிக்கிற பாரத்துல எழுதலாம், மூலிகை மருந்துக்கும் சேத்துத்தான். பாட்டி மகளோட உக்காந்து நாங்க ரொப்பி அனுப்பிட்டோம்.

இனிமே கடையில ஒரு நோட்டு இருக்கும், என்ன மாத்திரை சாப்புடுறீங்கன்னு கேட்டு எழுதிட்டுத்தான் பொட்டலம் மடிப்போம், கொஞ்சம் லேட்டானாலும் பொறுத்துக்குங்க.

இன்னொன்னு, பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, விக்கிற முட்டிவலி மாத்திரை. டப்பாவுல MAL-னு ஆரம்பிச்சு, நம்பருக்குப் பின்னாடி T எழுத்து வர்ற பதிவு எண் (பாரம்பரிய மருந்துக்கு அரசாங்கம் குடுக்குறது) இல்லன்னா வாங்காதீங்க, அந்த மாதிரி சரக்குல டெக்சாமெத்தாசோன்ங்கிற ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டிருக்கு, அதான் ரெண்டே நாள்ல வலி பறக்குது, நாளாக நாளாக மொகம் உப்புது. மாசக்கணக்கா போட்டுட்டு இருக்கவங்க பயந்து சட்டுன்னு நிறுத்திராதீங்க, அதுவும் ஆபத்து, டப்பாவோட கிளினிக்குப் போங்க.

வீட்ல இருக்குற பழைய டப்பா, பொட்டலம் எதையும் தூக்கிப்போடாம அடுத்த தடவ வரும்போது எடுத்துட்டு வாங்க, சேந்தே பாத்துருவோம்.